பணிய லயத்துக்குப் போகிற தண்ணீர்

மகனே சிவா,

நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எழுதுகிற கடிதம் இது. எனக்குக் கையெழுத்து வராது என்பது உனக்கு நன்றாகவே தெரியும். படிக்கிற காலத்தில் உன் ரிப்போர்ட்டில் நான் பெருவிரலை அழுத்தும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாய். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "லைன் கிளியர் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். கொழும்பில் இருக்கிறவனுக்கு லைன் கிளியர் இல்லையாம், டயகம மலையில் இருக்கிற எனக்குக் கிளியராக இருக்கிறது. அதனால்தான் கடிதம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ சொல்லிக் கேட்டதாக வேண்டாம். இதில் இரண்டு பிரதி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றது கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் படிப்பதற்கு. டீச்சரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். "ஐயா, உங்கட மகன்ர கதையை ஊருக்கு முன்னால வாசிக்கிறது சரியோ?" என்றார். "அவன் பேசினத ஊரே கேட்டுச்சும்மா. நான் பேசுறதையும் ஊரே கேக்கட்டும்" என்றேன். பேனாவை மறுபடி திறந்தார்.

விசயம் பில்டர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், கக்கூசில் ஊற்றுகிற தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே பிடித்து, வடிகட்டி உள்ளே அனுப்புகிற மிசின். அது வேண்டுமா வேண்டாமா என்பதை என்னிடம் விட்டாய். "வீடு ஒங்க பேர்ல இருக்குப்பா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாய். அப்பனை மதித்துக் கேட்கிறான் என்று உன் அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. நீ எதிர்பார்த்தது ஒரு தலையாட்டல். நான் அதை முடிவு என்றே எடுத்துக்கொண்டேன். முடிவு பண்ணி, அதன்படி செய்தும் விட்டேன். என்ன செய்தேன் என்பதை மட்டும் சொன்னால், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். ஆகவே நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன்னைப் படிக்க வைத்தது இதற்காவது ஆகட்டும்.

போன பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். வேனில் இருந்து முதலில் இறங்கியது பேத்தி இல்லை, போத்தல் தண்ணீர்ப் பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக வாசலில் அடுக்கினீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, மகன் கடை போடப்போறாரா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். அந்தத் தண்ணீரைச் சுடவைத்துத்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள் மருமகள். பல் விளக்கவும் அதுதான். அப்படியும் மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. கோயிலில் வாங்கிக் கொடுத்த வடையா, குளிரா, வேனில் வந்த அலுப்பா, யார் கண்டது. மருமகள் குழாயைத்தான் பார்த்தாள். உன் அம்மா கொத்தமல்லியை வறுத்து, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற்றி, வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். மருமகள் வாங்கினாள். வாசலுக்குப் போனாள். ரோசாச் செடியில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவாமல் திண்டில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அம்மா கிண்ணத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் மருமகளைக் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்றவள் பயப்படுவாள். பயப்பட வேண்டிய தண்ணீர்தான் அது. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து தேத்தண்ணி நிறத்தில் வரும். ஒருமுறை குழாயைத் திறந்தால் செத்த தவளையின் கால் வந்தது. நாம் முன்பு இருந்த தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வயிற்றுப்போக்கில் செத்த பிள்ளைகளின் பேரை நான் இன்னமும் வரிசையாகச் சொல்வேன், கேட்க உனக்குத் தைரியம் இருந்தால் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நீ பயப்படவில்லை. உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ வெட்கப்பட்டாய். மருமகள் உன்னைப் பார்த்து, "இந்தத் தண்ணியையா குடிச்சு வளர்ந்தீங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, நாங்க சின்னப் புள்ளையில இது நல்லா இருந்திச்சு" என்றாய். பொய். அப்போது இதைவிட மோசம். அப்போது குழாய்கூட இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாயே, நான் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று, அந்தப் பார்வைதான் பில்டர் என்று பேர் வைத்துக்கொண்டு இப்போது வாசலுக்கு வந்திருக்கிறது.

கொழும்புக்குப் போன கையோடு ஹட்டனில் இருந்து ஒரு பையனை அனுப்பினாய். டை கட்டியிருந்தான், சப்பாத்தில் சேறு படக்கூடாது என்று கல்லுக்குக் கல் தாவி வந்தான். நம் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்தான், தன் பையில் இருந்த தண்ணீரை இன்னொரு கிளாசில் ஊற்றினான், இரண்டிலும் கரண்ட் கம்பியை வைத்தான். அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. நம் தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, அடியில் கசடு கட்டியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இதத்தான் தாத்தா இவ்வளவு காலமும் குடிச்சிருக்கீங்க" என்றான். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பூராவும் வெறுந்தண்ணீர் இறங்கவில்லை. அவனோடு குழாய் வேலைக்கு வந்த சிங்களத் தம்பி ஒருத்தன் மட்டும், இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே குழாயடியில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "சீத்தலாய் சீயா" என்றான். குளிர்ச்சியாக இருக்கிறது தாத்தா என்கிறான். டை கட்டினவன் அவனை முறைத்தான்.

டை கட்டின பையன் சொன்ன கணக்கைக் கேள். மிசினுக்குத் தண்ணீர் வேகமாக வரவேண்டுமாம். இப்போது வருகிற சின்னக் குழாய் போதாதாம். மேலே தொட்டியில் இருந்து நேராக ஒரு பெரிய குழாய், வீட்டுப் பின்னால் ஒரு கறுப்புத் தாங்கி, அதை நிரப்ப ஒரு மோட்டார். போதாததற்கு மிசின் தன்னைத்தானே கழுவிக்கொள்ளுமாம், அதற்கும் தண்ணீர் வேண்டுமாம். "கொஞ்ச நாளைக்குப் போட்டுப் பாருங்க தாத்தா. பிடிக்கலேன்னா கழட்டிக்கிறோம்" என்றான். நீயும் போனில் அதையே சொன்னாய். சரி, போட்டுப் பார்க்கட்டும் என்றேன். சுவரில் மூன்று நீலக் குழலும், பக்கத்தில் ஒரு பெரிய உருளையும் ஏறின. குழாயைத் திறந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. உன் அம்மா அதில் முகத்தைக் கழுவிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை.

நம் ஊர்த் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது உனக்கு மறந்திருக்கும், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். சொல்கிறேன். மேமலையில் ஊற்று. ஊற்றுக்குக் கீழே சிமிந்துத் தொட்டி. தொட்டியில் இருந்து மேட்டில் இருக்கிற நம் தனிவீடுகளுக்குச் சின்னச் சின்னக் குழாய். தொட்டி நிறைந்து வழிகிறது பார், அந்த வழிகிற தண்ணீர்தான் வாய்க்கால் மாதிரி வெட்டின கானில் இறங்கி, பணிய லயத்தில் எல்லோரும் குடம் பிடிக்கிற பீலியில் போய் விழுகிறது. நமக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிற அந்தப் பழைய லயத்துச் சனத்துக்கு அதைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. நாங்கள் மேட்டுக்கு வீடு மாறிய நாளில் இருந்து அவர்கள் நம் மிச்சத்தைத்தான் குடிக்கிறார்கள். மழைக்காலத்தில் பீலி கை மொத்தத்துக்கு விழும். மாசி பிறந்தால் விரல் மொத்தம்.

நீ மிசின் போட்டது மாசியில்.

போட்ட மறுநாள் பின்நேரம், தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் பணிய லயத்துக்கு இறங்கினார்கள். பீலியில் தண்ணீர் இல்லை. கால் முழுக்க அட்டை கடித்த இரத்தம், இடுப்பில் கட்டின படங்குச் சாக்கு ஈரம், கழுவ ஒரு சொட்டு இல்லை. தொட்டியைப் பார்க்க மேலே ஏறினார்கள், தொட்டி பாதிக்கும் கீழே. புதுக் குழாய் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உன் மிசின் தன்னைக் கழுவிக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் பின் கானில் கொட்டி, அவர்கள் கண் முன்னாலேயே பீலிப் பக்கம் ஓடியது. முன்னால் நின்றது அஞ்சலை. நீ மறந்திருக்க முடியாது, தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனதும் பிள்ளைக்காம்பராவில் உங்களையெல்லாம் பார்த்துக்கொண்ட அஞ்சலை ஆயா. இப்போது முதுகு வளைந்துவிட்டது, நாக்கு வளையவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, ஒங்களுக்குக் குடிக்க ஒரு பக்கம், எங்களுக்குக் குடிக்க ஒரு பக்கமா வருது?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்குப் பேசுவோம். இப்ப ஆளுக்கு ஒரு குடம் பிடிச்சிட்டுப் போங்க" என்றேன். உன் அம்மாவும் மறுக்கவில்லை. அந்த நேரம் உன் போன் வந்தது. என் போனில் காதில் வைத்தால் கேட்காது, சத்தமாக வைத்துத்தான் பேசுவேன், அது உனக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். நீ சொன்னதை அப்படியே சொல்கிறேன், டீச்சரம்மா, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுங்கள்.

"அப்பா, கேட்டைப் பூட்டுங்க. இன்னைக்கு ஒரு குடம் குடுத்தீங்கன்னா நாளைக்கு லயமே வந்து நிக்கும். அதுங்களுக்கு வேணும்னா தோட்டத்துல போய்க் கேக்கட்டும்."

அதுங்களுக்கு. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. குடத்தைக் குழாயடியில் வைத்திருந்தவள் பாதி நிறைந்த குடத்தை அப்படியே கவிழ்த்தாள். அஞ்சலை மட்டும் கிட்டே வந்து என் கையில் இருந்த போனுக்கு வாயை வைத்துப் பேசினாள்.

"யாரு, சிவாக்குட்டியா? நல்லா இருக்கியா சாமி? சாப்பிட்டியா?"

போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"ஒன்னுமில்ல சாமி. ஒம் பீத்துணிய அலசுன கைதான் இது, தண்ணி கேட்டு வந்திச்சு. நீ சொல்றது ஞாயந்தான். அன்னைக்கே அலசாம விட்டிருந்தா இன்னைக்கு இம்புட்டுச் சுத்தம் கேட்டிருக்க மாட்ட."

நீ வைத்துவிட்டாய். லைன் கிளியர் இல்லை போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகு கேட்டைப் பூட்டச் சொல்லி நீ மறுபடியும் உன் அம்மாவுக்கு எடுத்தாய். அது எனக்குத் தெரியும். உனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் வேறு புத்திமதி இல்லை. யார் முகத்திலாவது கேட்டைச் சாத்துவதாக இருந்தால் நீயே வந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் கையால் சாத்து. தொலைவில் உட்கார்ந்துகொண்டு எழுபது தாண்டின கிழவியிடம் சாவியைத் தேடச் சொல்லாதே.

கேட்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உனக்கும் இருக்கும். நீ நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. அந்த வருசம் மழை பொய்த்து ஊற்றே வற்றிவிட்டது. பீலியடியில் பெண்கள் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். துரை பங்களாவில் மட்டும் ரப்பர்க் குழாயில் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பங்களாச் சமையல்காரன் நமக்குத் தெரிந்தவன் என்பதால் உன்னிடம் ஒரு தகர டின்னைக் கொடுத்து அனுப்பினேன். காவல்காரன் உன்னைக் கிட்டே வரவிட்டு, டின்னை வாங்கி அதற்குள் பார்த்துவிட்டு, காலால் உருட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினான். நான் தூரத்தில் மலையில் நின்று பார்த்தேன். நீ அழவில்லை. வெறும் டின்னோடு வந்து உன் அம்மாவிடம், "அம்மா, நான் பெரியாளானா இந்த மாதிரி ஒரு கேட்டு போடுவேன்" என்றாய். வேறு பிள்ளையாக இருந்தால் அந்தக் கேட்டை உடைப்பேன் என்றிருக்கும். உன் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து, "எம் புள்ள பங்களா கட்டுவான்" என்று முத்தம் கொடுத்தாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொன்னதைச் செய்துவிட்டாய், மகனே. நம் ஏழு பேர்ச் நிலத்தில் கேட்டு இருக்கிறது, புல்லுக்குத் தண்ணீர் இருக்கிறது, காவல்காரன்தான் குறைந்தான். அந்த வேலைக்கு அப்பனைக் கூப்பிட்டாய்.

மறுநாள் நானே டீச்சரம்மாவைக் கொண்டு உனக்குப் போன் போட்டேன். அஞ்சு நிமிசம் மரியாதையாகப் பேசினேன். இந்த மிசினை நம் வாசலில் இருந்து கழற்றித் தொட்டியடியில் வைத்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே தண்ணீராகப் போகுமே, ஊர்த் தண்ணிக் கமிட்டியும் கை கொடுக்குமே என்றேன். "ஊருக்கெல்லாம் நானாப்பா பில்டர் போடுறது? நான் என்ன எலக்சனா கேக்கப்போறேன்?" என்று சிரித்தாய். நீ சொன்னது சரி. அது உன் கடமை இல்லை. உன்னிடம் தர்மம் கேட்டது என் பிழை. அப்படியானால் ஓடுகிற தண்ணீரை ஓட விடு, அதற்கு ஒன்றும் செலவில்லை என்றேன். "மிசினுக்கு அந்தத் தண்ணி வேணும்ப்பா" என்றாய். போனை டீச்சரம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மாவிடம்தான் பேச வேண்டியிருந்தது. உனக்கும் எனக்கும் உள்ளதைவிடப் பெரிய சண்டை அதுதான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"பில்டர் இல்லாட்டிப் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு மருமக சொல்லிருச்சுங்க. ஒங்களுக்குப் பணிய லயம் வேணுமா, பேத்தி வேணுமா?"

"பேத்தி வரட்டும். காய்ச்சுன தண்ணி குடு. ஊரு ஒலகத்துல அப்படித்தான் குடுக்குறாங்க."

"காய்ச்சுனதத்தானங்க அன்னைக்கு ஊத்துனா?"

"அப்பத் தெரியுதுல்ல? அவளுக்குத் தண்ணி அருவருப்பு இல்லடி. நம்ம கைதான் அருவருப்பு. அதுக்கு எந்த மிசின மாட்டுவ?"

மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளும் அதை அறியாதவள் இல்லை. அறிந்ததை அறியாத மாதிரி வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடித் தண்ணீரில் பேத்தியைக் குளிப்பாட்டுகிற நாளை நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் போட்டு உடைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளுகிற சத்தத்திலேயே அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிகிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தண்ணிக் கமிட்டி பிள்ளைக்காம்பரா வாசலில் கூடியது. மேட்டு வீட்டார் ஒரு பக்கம், பணிய லயத்தார் ஒரு பக்கம் நின்றார்கள். எல்லோரும் என்னை அடிக்கத்தான் வந்திருந்தார்கள், மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். நான் எழுந்து, என் வீட்டுக்குப் போகிற குழாயை விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். "பெரிய கொழாயத்தானுங்களே?" என்று கமிட்டித் தலைவர் கேட்டார். இரண்டையும் என்றேன். கூட்டம் சலசலத்தது.

"அப்படி வேணாங்கய்யா. புதுசாப் போட்டதக் கழட்டிட்டுச் சின்னதக் கெடக்க விடுவோம். இந்த வயசுல நீங்க ரெண்டு பேரும் எங்க போய்த் தூக்குவீங்க?" என்றார் தலைவர்.

"சின்னது கெடந்தா எம் மவன் அதுக்குப் பால் ஊத்தி வளத்துருவான். நான் கண்ண மூடுறதுக்கு முன்னாலயே அது பெருசாயிரும். ரெண்டையும் அடைங்க."

கமிட்டியில் ஒரு சட்டம் இருக்கிறது, நீயும் கேள். குழாயை விட்டுக்கொடுத்த வீடு பிறகு எப்போதாவது மறுபடி கேட்டால், தொட்டித் தண்ணீரைக் குடிக்கிற எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு வீடு தூக்காவிட்டாலும் குழாய் கிடையாது. மிச்சத்தைக் குடிக்கிறவர்களை அதில் சேர்ப்பதில்லை, இவ்வளவு காலமும் மேட்டு வீடுகள்தான் கை தூக்கின. என் குழாயை எடுத்துக்கொள்வதாக இருந்தால் பணிய லயத்தையும் அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். மேட்டு வீட்டாருக்கு முகம் சுருங்கியது. ஆனால் என் பங்குத் தண்ணீர் அவர்களுக்கும் வருகிறதே, சேர்த்தார்கள். பெருவிரலை வைத்தேன். அன்று மத்தியானமே தொட்டியில் இருந்த இரண்டு வாயையும் கட்டைக்கு ரப்பர் சுற்றி அடைத்தார்கள். வெட்டின குழாய்த் துண்டுகளை நம் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். பின்நேரம் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. நம் வீட்டில் குழாயைத் திறந்தால் இரண்டு சொட்டு, அப்புறம் காற்று.

மிசினைக் கழற்ற ஹட்டன் பையன் இன்னும் வரவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். மூன்று நீலக் குழலும் சுவரில் அப்படியே நிற்கின்றன. உன் அம்மா காலையில் ஈரத்துணியால் அவற்றைத் துடைக்கிறாள். சொல்லிப் பார்த்தேன், நான் பேசியது காதில் விழாத மாதிரித் துடைத்தாள். தண்ணீருக்கு இப்போது நாங்கள் பணிய லயத்துப் பீலிக்குத்தான் இறங்குகிறோம். ஒன்றாக இல்லை. அவள் தனக்குத் தூக்கிவருகிறாள், நான் எனக்குத் தூக்கிவருகிறேன். அடுப்படியில் இரண்டு குடம் இருக்கிறது. தாகத்தில் ஒருநாள் கை தவறி அவள் குடத்தில் மொண்டேன். செம்பைப் பிடுங்கித் திரும்ப ஊற்றிவிட்டாள். ஏற்றத்தில் மூன்று இடத்தில் குடத்தை இறக்கி மூச்சு வாங்குகிறாள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன், தூக்கித் தர விடமாட்டாள். இதெல்லாம் உன்னால் செய்ய வேண்டிவந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த கூலி. உன்னிடம் பங்கு கேட்கவில்லை, தெரிந்துகொள் என்றுதான் சொல்கிறேன்.

நீ இப்போது என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். கமிட்டியில் கேட்டுக் குழாயைத் திருப்பி வாங்கிவிடலாம், மேட்டு வீட்டார் எல்லாம் நமக்கு வேண்டியவர்கள்தானே என்று. மேட்டு வீட்டார் தூக்குவார்கள். பணிய லயத்தில் மற்றவர்களும்கூட உன் அம்மா முகத்துக்காகத் தூக்குவார்கள். அஞ்சலையைத்தான் சொல்ல முடியாது. அதனால் நேற்றுப் பீலியடியில் நானே அவளிடம் கேட்டேன். உனக்காகக் கேட்கவில்லை. அந்தக் கிழவி மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்டேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"தூக்குறேண்ணே. எனக்கு என்னா, கை நல்லாத்தான இருக்கு? அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க. போன்ல வேணாம். பொண்டாட்டி புள்ளையையும் கூட்டிக்கிட்டு எங் காம்பராவுக்கு வரச் சொல்லுங்க. இந்தத் தண்ணியில தேத்தண்ணி ஊத்தித் தர்றேன். மூணு பேரும் என் வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து, எல்லாரும் பாக்கக் குடிச்சிட்டு, கோப்பையக் கழுவி வச்சிட்டுப் போகட்டும். அன்னைக்குத் தூக்குறேன்."

நான் அவளிடம், வருவான் என்று சொல்லவில்லை. உன் அம்மாவும் பக்கத்தில் நின்றாள். அவள்தான் முதல் தடவையாக வாயைத் திறந்து, என்னிடம் இல்லை, அஞ்சலையிடம், "வருவான்" என்றாள்.

டயகமவுக்குக் காலையில் ஒரு பஸ் இருக்கிறது. உன் அம்மாவைப் பொய்க்காரி ஆக்குவதும் ஆக்காததும் உன் கையில். என்னைப் பற்றி யோசிக்காதே, நான் அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை.

இப்படிக்கு,
பெருவிரல் வைத்த உன் அப்பன்.